யன்னல் விஷயமாக

ஸ்காபரோ, கனடா
தை மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள மச்சான்,

உன் இரண்டு வாட்ஸப் செய்திக்கும் நான் பதில் போடவில்லை. கோபிக்காதே. மூன்று கிழமையாகத் தலை, மூக்கு, கண்ணிமை எல்லாம் வெள்ளைத் தூள். போனைத் தொட்டால் போனும் வெள்ளை. இப்போதுதான் குளித்துவிட்டு வந்து பழையபடி பேனை பிடித்திருக்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். இவளுக்கு முழங்கால் வலி முந்தின மாதிரித்தான். தவளை மாஸ்டர் மூன்றாவது பேரனையும் கண்டுவிட்டார், சேர்ட் மட்டும் இன்னும் அதேதான். கொய்யா காய்த்த படம் கிடைத்தது. எனக்கு இனி அப்படிப் படம் அனுப்பாதே.

விஷயம் இதுதான்: நான் பேஸ்மென்டை வாடகைக்கு விடப் போகிறேன். நீ சிரிக்கிற சத்தம் கொக்குவிலில் இருந்து இங்கே கேட்கிறது.

நாங்கள் 'கண்ணாடி' என்று கூப்பிடுகிறவனின் தங்கச்சி மகன் படிக்க வந்திருக்கிறான். நத்தாருக்கு முதல் அறை பார்க்க வந்தான். நல்ல பெடியன், சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் இறங்கினான். கீழே வந்ததும் அவன் பார்த்தது கட்டிலையுமில்லை, குளியலறையையுமில்லை. நேரே யன்னலைப் பார்த்தான். நான் வாயைத் திறந்து, "வெளிச்சம் காணாதென்றால் லைட்டைப் போடலாம் தம்பி" என்றேன்.

மச்சான், சொல்லி முடிக்க முதல் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இது யாருடைய வசனம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. 1990, கென்னடி – எக்ளிங்டன் சந்திப் பக்கம், நாங்கள் ஐந்து பேர், ஒரு பேஸ்மென்ட், கொப்பி அகலத்தில் ஒரு யன்னல். வெளியே போகிற சப்பாத்தைப் பார்த்து ஆளைச் சொல்லுகிற போட்டியில் நீதானே எப்போதும் வெல்லுவாய். ஸ்னோ கொட்டினால் அந்த விளையாட்டும் இல்லை. அந்த வீட்டுக்கார மனிசன் மாதக் கடைசியில் காசு வாங்க வந்து நின்று சொன்ன அதே வசனத்தை, அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு, நான் சொல்லியிருக்கிறேன்.

அன்றிரவு நித்திரை இல்லை. அடுத்தநாள் கீழே இறங்கி யன்னலைச் சுற்றிப் போட்டிருந்த சட்டத்தை எல்லாம் பிடுங்கி எறிந்தேன். இவள் தேத்தண்ணியோடு வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மேலே போய்விட்டாள். அது திட்டுகிறதை விடக் கூட.

உனக்கு இது விளங்க வேண்டுமென்றால் இந்தச் சுவரைச் சொல்ல வேண்டும். வெளிச்சுவர் 8 அங்குலக் கொங்கிறீட். அதற்கு உள்ளே குளிரை மறிக்கிற ஃபோம் பலகை 2 அங்குலம், அதற்கும் உள்ளே மரச்சட்டம் மூன்றரை, கடைசியாக அரை அங்குல ட்ரைவோல், அதாவது ஜிப்சம் பலகை. யன்னலோ வெளிப்பக்கமாகப் பொருந்தி இருக்கும். ஆகக் கண்ணாடியிலிருந்து அறைச் சுவருக்கு ஏறக்குறைய ஒரு அடி ஆழம். எங்கள் ஊர்க் கோயில் மாடத்தில் விளக்கு வைக்கிற குழி மாதிரி. அந்தக் குழியின் இரண்டு கன்னத்தையும் நேராகவே மூடினால், வருகிற கொஞ்ச வெளிச்சமும் அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

இதில் நான் ஏற்கெனவே ஒரு தரம் மூக்குடைபட்டவன். எட்டு வருடத்துக்கு முதல் ஹோல் பக்கத்து இரண்டு யன்னலுக்கும் ட்ரைவோலை நேரே கொங்கிறீட்டில் பசை போட்டு ஒட்டினேன். வடிவாக இருந்தது. இந்தத் தரம் பிடுங்கிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். இவள் இரண்டு வருடமாக "ஏதோ மணக்குது" என்று சொல்ல, நான் அது உன் கருவாடு என்று வாதாடிக்கொண்டிருந்தேன். (இதை அவளுக்கு எழுதிவிடாதே.) காரணம் லேசானது. வீட்டுக்குள் 21 பாகை சூடும் ஐம்பது வீத ஈரப்பதமும் இருந்தால், 10 பாகைக்குக் கீழே குளிர்ந்த எதிலும் காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியும், ஐஸ் போட்ட சர்பத் கிளாஸ் வியர்க்கிற மாதிரி. நிலத்துக்கு மேலே நிற்கிற கொங்கிறீட்டுக்கு மண்ணின் போர்வையும் இல்லை, யன்னல் இருப்பதும் அங்கேதான். ட்ரைவோலின் முகமோ கடதாசி. ஈரமும் கடதாசியும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்கு விருந்து.

அதனால் இந்தத் தரம் கன்னத்தின் கொங்கிறீட்டுக்கும் ஃபோம். ஆனால் அங்கே ஒரு அங்குலம் போட்டால் யன்னல் சட்டத்தையே மூடிவிடும், திறக்க ஏலாது. அரை அங்குலம்தான் போகும். பசையும் ஃபோமுக்கென்று விற்கிறதையே வாங்க வேண்டும், மற்றது ஃபோமைத் தின்றுவிடும். சட்டத்தைச் சுற்றிய இடுக்குக்கு யன்னலுக்கென்றே வருகிற மெதுவாக ஊதுகிற ஸ்பிரே. சாதாரண ஸ்பிரே அடித்தால் அது ஊதிச் சட்டத்தையே வளைத்துவிடும்.

கொங்கிறீட் முடிகிற இடத்திலிருந்துதான் என் வேலை. அங்கிருந்து இரண்டு கன்னத்தையும் வெளியே விரித்தேன், பக்கத்துக்கு நாலு அங்குலம். மேலே விரிக்க இடமில்லை, சீலிங் வந்து முட்டுகிறது. கீழே ட்ரைவோலே போடவில்லை. கண்ணாடியில் வழிகிற தண்ணீர் அங்கேதான் விழும். பிளாஸ்டிக் பலகையை அறைப்பக்கம் சரிவாக வைத்திருக்கிறேன். விரித்த மூலை 90 பாகை இல்லாதபடியால் கடையில் விற்கிற மூலைத் தகடு பொருந்தாது. உள்ளே இரண்டு தகரக் கீற்று வைத்த மடங்குகிற டேப்தான் சரி. மூட்டுக்குப் போடுகிற முதல் பூச்சு, பையில் வருகிற தூளைத் தண்ணீரில் குழைத்து. பையில் 45 என்று போட்டிருந்தால் முக்கால் மணியில் கல்லாகிவிடும், இந்த ஈர நிலவறையில் காய்கிறதற்குப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. முதல் நாள் நான் போனில் தவளை மாஸ்டரோடு கதைத்துக்கொண்டு நிற்க, வாளி, கரண்டி, குழைத்தது எல்லாம் ஒரே கல். அடுத்த இரண்டு பூச்சும் வாளியில் வருகிற மெதுவான சாமான்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த அறை யன்னலை இலையுதிர் காலத்தில் பெர்மிட் எடுத்து, ஆள் பிடித்து, கொங்கிறீட்டை அறுத்துப் பெருப்பித்தது. படுக்கையறை இருக்கிற தளத்தில் நேரே வெளியே போகிற கதவு இல்லாவிட்டால் ஆள் வெளியேறக்கூடிய யன்னல் ஒன்றாவது வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி: திறந்தால் 0.35 சதுர மீற்றர் வழி, எந்தப் பக்கமும் 380 மில்லிமீற்றருக்குக் குறையாமல். வெளியே குழி இருந்தால் யன்னலுக்கு முன்னால் 550 மில்லிமீற்றர் இடம். பக்கமாக வழுக்கித் திறக்கிற யன்னல் போடலாம் என்று நின்றேன். அது பாதிதான் திறக்கும், அளவு காணாது என்றார்கள். இந்தச் செலவெல்லாம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள் படியில் இருந்துகொண்டு யோசித்தேன். கென்னடி வீட்டில் எங்களுக்கு இருந்தது அந்த ஒரு படி. அது ஏறுகிறது அவர்களுடைய குசினிக்குள். அங்கே எண்ணெய் பற்றியிருந்தால்? ஐந்து பேரும் இரவு வேலை முடிந்து செத்த நித்திரை. உன் தலை கூட அந்த யன்னலுக்குள்ளால் போயிருக்காது. அந்த மூன்று வருடமும் நாங்கள் ஒருநாளாவது இதைக் கதைத்தோமா? எனக்கு ஞாபகம் இல்லை. உனக்கு இருந்தால் எழுது.

பெடியன் மாசி முதலாம் திகதி வருகிறான். வாடகையில் நானும் இவளும் ஒத்துப்போகவில்லை. யன்னலுக்குப் போட்ட காசை எடுக்க நூறு டொலர் கூட்டு என்கிறாள். கண்ணாடியின் மருமகனிடம் கூட்டிக் கேட்க எனக்கு வாய் வராது. நீ சொன்னால் அவள் கேட்பாள், ஒரு கோல் எடு.

மூன்றாவது பூச்சு இப்போது காய்கிறது. நேற்றுப் பின்னேரம் மூன்று மணிபோல, விரித்த கன்னத்தில் பட்டு வெயில் தரையில் நாலு அடி தூரம் வந்து விழுந்தது. எவ்வளவு தூரம் என்று தெரியச் சோக்கால் ஒரு கோடு கீறிவைத்தேன். இவள் தூசி என்று துடைத்துவிட்டாள். நாளைக்கு முகில் இல்லாவிட்டால் திரும்பக் கீற வேண்டும்.

உன்
மண்வெட்டி