கெமிக்கல் டேங்கர் பத்தி கேட்டியே மக்கா

மக்கா,

உன் மெசேஜ் பாத்தேன், பதில் போட லேட்டாயிட்டு. இங்க பாறசாலை பக்கம் விடாத மழ, ரப்பர் வெட்டு சுத்தமா நின்னாச்சு, களியக்காவிளை ஜங்ஷன் தாண்டுறதுக்குள்ள உயிரு போவுது. அம்மைக்கு கால்வலி அப்படியேதான்.

உன் தங்கச்சி மவனுக்கு கெமிக்கல் டேங்கர்ல கேடட் (பயிற்சி ஆபீசர்) வேலை கிடைச்சதுல சந்தோஷம். 2025 மே மாசம் கொச்சிக்கு வெளிய எம்எஸ்சி எல்சா 3 கப்பல் முங்குனதுல இருந்து தங்கச்சிக்கு பயம்னு எழுதியிருக்க, அது கன்டெய்னர் கப்பல்லா, இது வேற கதை. இவன் போற கப்பல்ல கெமிக்கல் டேங்குக்குள்ளயே மொத்தமா கெடக்கும், அதுக்குன்னே ஐபிசி (IBC) கோடுன்னு உலகம் முழுக்க கப்பலுக்குள்ள தனி சட்டம் இருக்கு, போலீஸ் ஐபிசி இல்ல, 1986 ஜூலை 1-க்கு அப்புறம் கட்டுன கெமிக்கல் டேங்கருக்கெல்லாம் அதான்.

கப்பல் கெமிக்கல் ஏத்த லாயக்குன்னு அதுல தர்ற பேப்பருக்கு சர்டிபிகேட் ஆஃப் ஃபிட்னஸ்னு பேரு. கூடிப்போனா 5 வருஷம். நடுவுல வருஷாவருஷம் சர்வேயர் வந்து பாத்து ஒப்பு போடணும், தேதிக்கு மூணு மாசம் முன்ன பின்ன ஆவலாம், அதையும் விட்டா பேப்பர் செல்லாது. ரெண்டாவது இல்லன்னா மூணாவது வருஷம் வர்ற சர்வே கொஞ்சம் கடுசா இருக்கும்.

ஆனா எல்லாரும் சீலையும் தேதியையும் பாத்துட்டு மடக்கி வச்சிருவாங்க, என்ட்ட கேட்டா விஷயமே பின்னால இருக்க சரக்கு லிஸ்ட்லதான் இருக்கு, எந்த கெமிக்கல் எந்த டேங்குல ஏத்தலாம், என்ன கண்டிஷன்னு அதுல போட்டிருக்கும், லிஸ்ட்ல இல்லாத சரக்க சார்ட்டரர் (கப்பல வாடகைக்கு எடுத்தவன்) என்ன கெஞ்சுனாலும் அப்படியே ஏத்தக்கூடாது. ரொம்ப மோசமான சரக்குக்கு டைப் 1 கப்பல், அதுலயும் ஒரு டேங்குல 1250 கனமீட்டருக்கு மேல கூடாது. அதவிட கேடு கம்மியான சரக்குக்கு டைப் 2, அதுல 3000. இன்னொண்ணு கேளு, நம்ம ஊரு டீக்கடையில பழம்பொரி பொரிக்கிற பாமாயில் இருக்குல்லா, 2007-ல இருந்து அதுவும் இந்த கோடுக்குள்ளதான்! கடல்ல கொட்டுனா அதுவும் கேடுதானே.

அமெரிக்கா போனா நம்ம பேப்பர் மட்டும் போதாது. அங்க கோஸ்ட் கார்டு ஆளுங்களே ஏறி பாத்து வேற ஒரு சர்டிபிகேட் தருவாங்க, 2 வருஷத்துக்கு, நடுவுல ஒருதடவ வந்தும் பாப்பாங்க. நான் இருந்த ஒரு கப்பல்ல வந்தவரு ஃபைல தொறக்கவே இல்ல, நேரா டெக்குக்கு போயி சேஃப்டி ஷவர் கைப்பிடிய இழுத்தாரு, தேயிலத் தண்ணி கலர்ல துரு கொட்டுச்சு, கண்ணு கழுவுற குழாய்ல சொட்டு வரல. ஆசிட் தெறிச்சவன் அதுலயா மூஞ்சி கழுவுவான்? அப்புறம் டேங்கு நிறையும்போது அடிக்கிற ஹை லெவல் அலாரத்த ஒவ்வொண்ணா அடிக்க வச்சு பாத்தாரு, டேங்கு அழுத்தம் கூடுனாலும் கொறஞ்சாலும் தானா தொறக்குற பிவி வால்வ கையால தூக்கி பாத்தாரு. பேப்பர்ல எல்லாம் பக்காதான் மக்கா. கேப்டன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்.

பையன்ட்ட சொல்லு, ஏறுன அன்னைக்கே அந்த ஷவர ஒருதடவ இழுத்து பாக்கட்டும்.

கப்பல் பேரும் ஐஎம்ஓ நம்பரும் (ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள மாறாத நம்பர்) ஏஜென்ட்ட வாங்கி எனக்கு அனுப்பு. ஈக்வாசிஸ்னு ஒரு வெப்சைட்ல போட்டா எந்த போர்ட்லயாவது புடிச்சு வச்சிருந்தாங்களான்னு தெரிஞ்சிரும், காசு ஒண்ணும் இல்ல. நம்பர் தரமாட்டேன்னு ஏஜென்ட் இழுத்தடிச்சா ஒப்பந்தத்துல கையெழுத்து போடவேண்டாம்னு சொல்லு, வேற கப்பல் வரும்.