பிசியோதெரபியும் உடம்புப்பிடியும் ஒன்று என்ற வரி குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், முதுகுவலிக் கட்டுரையின் நடுவே இப்படி ஒரு வரி: “உடம்பு பிடிப்பதற்கும் பிசியோதெரபிக்கும் பெரிய வேறுபாடு இல்லை, கைராசிக்காரரிடம் போனால் போதும்.” எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் பினாங்கில் இதே தொழிலில் இருக்கும் எங்களால் அந்த வரியைச் சும்மா கடந்துபோக முடியவில்லை. தங்கள் ஏட்டில் வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற பெரியவர்கள் பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்த்தாஜாமிலும் எத்தனையோ பேர்.

சட்டம் தாங்கள் அறியாததல்ல. மலேசியாவின் 2016ஆம் ஆண்டுத் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம், அதாவது சட்டம் 774, 2020 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதில் அடங்கும் 23 தொழில்களில் பிசியோதெரபியும் ஒன்று. டிப்ளோமாவோ பட்டமோ கையில் இருந்தால் மட்டும் போதாது. அந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த மன்றத்தில் பதிய வேண்டும். அதற்கு மேல் ‘பெராக்குவான் பெங்காமாலான்’ என்ற தொழில் சான்றிதழை எடுத்து, காலாவதியாகுமுன் புதுப்பிக்கவும் வேண்டும். இவை இல்லாமல் தொழில் செய்வது குற்றம். முதுகெலும்பையும் மூட்டுகளையும் கையால் சரிசெய்யும் கைரோபிராக்டிக்கும் பாரம்பரிய வைத்தியமும் சட்டம் 775இன் கீழ் வருகின்றன. அவர்களுக்குத் தனி மன்றம் உண்டு. அவர்கள் தொழிலை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆளுக்கொரு சட்டமும் பொறுப்பும் இருக்கும்போது எல்லாரையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பியதுதான் வருத்தம்.

முதுகுவலி என்று வருகிறவரை நாங்கள் எடுத்தவுடன் தொடுவதில்லை. முதலில் கேள்விகள். இரண்டு காலும் ஒருசேர மரத்துப்போகிறதா? உட்காரும் இடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா? சிறுநீர் வர மறுக்கிறதா, தானாகப் போகிறதா? இவற்றில் ஒரு கேள்விக்கு ஆம் என்றாலும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதி நரம்புக்கற்றை நசுங்கிக்கொண்டிருக்கலாம். அவரை அன்றைக்கே அவசரப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு திரும்பாமலே போகக்கூடும். காரணமில்லாத எடைக்குறைவு, காய்ச்சல், படுத்தாலும் தணியாத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்த வரலாறு, இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவர் பார்க்கும்வரை முதுகில் கை வைக்கவே கூடாது. கைராசிக்காரர் இந்தக் கேள்விகளைக் கேட்பார் என்பதற்குக் கட்டுரையாளரிடம் என்ன உத்தரவாதம் இருக்கிறது?

மூட்டு மாற்று அறுவை முடித்து வீடு திரும்பியவருக்குக் கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலித்தால், ஆழ்நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதைப் பிடித்துவிட்டால் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கும் ஆபத்து உண்டு. உயிரே போகலாம். பக்கவாதம் வந்தவரின் தோள் தசை தளர்ந்திருக்கும்போது, கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு இறங்கி, பல மாதம் வலி தங்கும். கழுத்தைத் திருப்பி ‘சொடக்கு’ எடுப்பதில் மூளைக்குப் போகும் தமனி கிழிவது அரிதுதான். ஆனாலும் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நாக்குழறல் இருக்கிறதா என்று கேட்காமல் திருப்புவது மன்னிக்க முடியாதது.

வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் வெந்நீர்ப் பொதியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கிடக்கும் தொட்டியின் நீர் 70 முதல் 75 டிகிரி வரை சூடானது. ஆறிலிருந்து எட்டு மடிப்புத் துண்டில் சுற்றி, 15 முதல் 20 நிமிடம் வைப்பதுதான் முறை. அதுவும், ஐந்து நிமிடத்தில் தோலைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கும் முன்னால், ஒரு குழாயில் சூடான நீரும் இன்னொன்றில் குளிர்ந்த நீரும் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நோயாளி இரண்டையும் பிரித்துச் சொல்கிறாரா என்று சோதிக்க வேண்டும். நம்மவரில் நீரிழிவு உள்ள குடும்பங்கள் எத்தனை என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நரம்பு கெட்ட பாதத்துக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் கண்ணில் படும்போது காலம் கடந்திருக்கும். பிறகு புண், பிறகு விரலே போகும். மின் தூண்டல் கருவியும் இப்படித்தான். பேஸ்மேக்கர் என்ற இதயத்துடிப்புக் கருவி வைத்தவருக்கு அதைக் கட்டக் கூடாது. கழுத்தின் முன்பக்கமும் கர்ப்பிணியின் வயிறும் விலக்கு.

இந்த வருத்தம் இன்று வந்ததல்ல. கட்டுரை ஒரு பக்கம் இருக்க, தங்கள் ஏட்டின் வரி விளம்பரங்களில் “பக்கவாதம் முழுக் குணம், உத்தரவாதம்” என்று எத்தனை வாரம் வந்திருக்கிறது? 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் அட்டவணையிட்டிருக்கும் 20 நோய்களில் பக்கவாதமும் அடக்கம். அவற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யத் தடை உண்டு. முறையான மருத்துவச் சேவை விளம்பரங்களில் கேகேஎல்ஐயூ என்று தொடங்கும் அனுமதி எண் இருக்கும். அதைக் கேட்ட பிறகே அச்சிடுகிறீர்களா என்று பணிவோடு கேட்கிறோம்.

எங்கள் தொழிலுக்குள்ளும் அழுக்கு இருக்கிறது. அதையும் மறைக்க விரும்பவில்லை. பரிசோதிக்குமுன்பே இருபது தடவைக்கு முன்பணம் வாங்கும் மையங்கள், பதிவுள்ள ஒருவரின் சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டுப் படிக்காத உதவியாளரை வைத்துச் சிகிச்சை நடத்தும் முதலாளிகள், நோயாளி நடக்கப் பழகுவதைப் படம்பிடித்து டிக்டாக்கில் போடுகிறவர்கள். 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உடல்நலத் தகவல் கூடுதல் பாதுகாப்புக்குரிய தரவு. வணிகத்துக்காக அதைப் பயன்படுத்த வெளிப்படையான ஒப்புதல் வேண்டும். வாயால் “சரி” என்று முனகியது ஒப்புதலாகாது. இவர்களைப் பற்றி எழுதுங்கள், நன்றி சொல்வோம். அதை விட்டுவிட்டு, படித்துப் பதிந்து ஒழுங்காக நடப்பவர்களைக் கைராசிக் கணக்கில் சேர்த்தது எந்த நியாயம்?

நாங்கள் கேட்பது சிறியதுதான். அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் ஒரு திருத்தம். அதன் கீழே நாலு வரி: சுவரில் மாட்டியிருப்பது எஸ்எஸ்எம் என்ற நிறுவன ஆணையத்தின் வணிகப் பதிவா, மாநகர் மன்ற உரிமமா, தொழில் சான்றிதழா என்று பாருங்கள், முதல் இரண்டும் கடை நடத்த மட்டுமே. சான்றிதழில் உள்ள பெயரும் சிகிச்சை செய்பவரின் பெயரும் ஒன்றா, தேதி கடந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஐயம் வந்தால் துணைச் சுகாதாரத் தொழில் மன்றத்திடம் கேளுங்கள். இடம் போதவில்லை என்றால் இந்தக் கடிதத்தில் வேறு எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள், அந்த நாலு வரியை மட்டும் வெட்டாமல் போடுங்கள்.

இப்படிக்கு,
பிசியோதெரபிஸ்ட் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.