டூருக்கு முன்னாடி ஒரு பக்கம் வாசிக்க வைங்க: மதுரை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை மாவட்டத்து ஹெட்மாஸ்டர்களுக்கும், தமிழும் வரலாறும் எடுக்குற சார், டீச்சர் எல்லாருக்கும் வணக்கம்.

டூர் பணம் கட்டணும்னு பிள்ளைங்க வீட்ல கேக்க ஆரம்பிச்சிருச்சுங்க. கொடைக்கானல், இல்லேன்னா ஏதாவது தீம் பார்க். போகட்டும், நல்லா ஆடிப் பாடிட்டு வரட்டும், அத வேணாம்னு நான் சொல்லல. ஆனா வருஷத்துல ஒரு தடவையாவது, வகுப்புல வாசிச்ச ஒரு பக்கம் எந்த மண்ணுல நடக்குதோ அங்கயே கூட்டிட்டுப் போய் அதே பக்கத்த திரும்ப வாசிக்க வைங்க.

சிலப்பதிகாரத்தையே எடுத்துக்கங்க. கண்ணகிக்கு வெயில் தாங்காதுன்னு அவளும் கோவலனும் மதுரைக்கு ராத்திரி நிலா வெளிச்சத்துல நடந்து வர்றாங்க, வைகைக்கு வந்தா ஆறு பூரா பூ, அவளுக்கு வரப்போற துன்பம் முன்னாடியே தெரிஞ்ச மாதிரி ஆறு பூவாடைய போத்திக்கிட்டு கண்ணீர மறைக்குதுன்னு இளங்கோ எழுதுறாரு, மரத் தெப்பத்துல ஏறித் தென்கரைக்கு வந்தா கோட்டைக் கொடியெல்லாம் வராதீங்கன்னு கை காட்டுற மாதிரி ஆடுது. இத நம்ம பிள்ளைங்க மார்க்குக்காக மனப்பாடம் பண்ணுதுங்க, அதுல பாதிப் பேரு அதே ஆத்தத் தாண்டித்தான் தினமும் ஸ்கூலுக்கு வருதுங்க! கரையில உக்கார வச்சு அந்தப் பகுதிய சத்தமா வாசிங்க. தண்ணி எங்க சார்னு ஒருத்தன் கண்டிப்பா கேப்பான். புத்தகத்த மட்டும் படிச்சவனுக்கு அந்தக் கேள்வி வராது, ஆத்த மட்டும் பாத்தவனுக்கு அது எப்பவோ பழகிப்போச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல கண்ணு முன்னாடி இருந்தாத்தான் வரும்.

மதுரைக்குப் பக்கத்துல இருக்குற மாங்குளம் மலையும் அப்படித்தான். சமண முனிவர் ஒருத்தருக்கு பாண்டிய மன்னன் நெடுஞ்செழியனோட அதிகாரி கடலன் வழுதி குகையில தங்க இடம் செஞ்சு குடுத்தத அந்த மலைப் பாறையில தமிழ் பிராமிங்குற பழைய தமிழ் எழுத்துல வெட்டி வச்சிருக்காங்க, ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு. படிக்காமப் போனா அது வெறும் பாறைங்க, செல்ஃபி எடுத்துட்டு இறங்கிருவாங்க. அந்த எழுத்துல நாலஞ்ச முதல் நாளே போர்டுல எழுதிப் பழக்கிட்டுப் போங்க, மலையில அத அவங்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும். கீழடி பத்தி நான் சொல்லவே வேணாம், 2023ல மியூசியமே திறந்தாச்சு, பானை ஓட்டுல ஆதன்னு ஒரு பேரு கீறியிருக்குறத அந்த வயசுப் பிள்ளைங்க தானா வாசிச்சா எப்படி இருக்கும்னு யோசிங்க.

இதுல இன்னொன்னும் இருக்கு, எனக்கு ரொம்ப வலிக்குற விஷயம். பெரிய டூருக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைங்க அன்னைக்கு வீட்லயே இருந்துருதுங்க, மறுநாள் மத்தவங்க பேசுறதக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கும். வைகைக்கும் கீழடிக்கும் போக அம்புட்டு செலவு ஆகாது, ஒருத்தரும் விடுபட வேணாம். போயிட்டு வந்தப்புறம் இன்னும் படிக்கணும்னு கேக்குற பிள்ளைங்கள நத்தம் ரோட்டுல இருக்குற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்புங்க, அங்க பிள்ளைங்களுக்குன்னே தனிப் பகுதி இருக்கு.

பெர்மிஷன், சேஃப்டி, சிலபஸ்னு உங்களுக்கு ஆயிரம் தலைவலி இருக்குன்னு தெரியும். கூட்டிட்டுப் போக ஆள் பத்தலேன்னா எங்கள மாதிரி பெத்தவங்களக் கேளுங்க, பஸ்ஸுல ஏத்தி இறக்க, சாப்பாடு கட்டிக் கொண்டாற நாங்க வர்றோம். அடுத்த பெற்றோர் கூட்டத்துல ஒரு அஞ்சு நிமிஷம் இதப் பத்திப் பேச எடம் குடுங்க.

இப்படிக்கு,
மதுரையில பிள்ளைய படிக்க வைக்குற ஒரு அம்மா