எந்தக் கழகம்?

அன்புள்ள கோபாலு,

இங்கே எல்லோரும் நலம். போனை எடுக்காததற்கு ஒருமூச்சு திட்டிவிட்டு மேலே படி.

சின்னவள் எம்.எஸ்சி. முடித்ததும் வேலைக்குப் போவாள் என்றிருந்தேன். 'அகாடமியாவுலயே இருந்துடறேம்பா' என்கிறாள். உன் தங்கச்சி காதில் அது அனீமியா என்று விழுந்து, அன்றைக்கே முருங்கைக்கீரை வாங்கி வந்துவிட்டாள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? காட்பாடி ரோட்டில் கராத்தே அகாடமி, நீட் அகாடமி தெரியும்.

அவளே விளக்கினாள். ஏதென்ஸ் மதிலுக்கு வெளியே அகாடமோஸ் என்ற வீரன் பெயரில் ஒரு தோப்பு இருந்ததாம். கி.மு. 387 வாக்கில் பிளேட்டோ அங்கே பாடம் சொல்லப்போய், தோப்பின் பெயர் பள்ளிக்கு ஒட்டிக்கொண்டது. இப்போது ஆராய்ச்சி, போதனை என்றே காலம் தள்ளுகிற மொத்தக் கூட்டத்துக்கும் அதை வைத்துத்தான் அகாடமியா என்று பெயர். கி.மு. 86இல் ரோமானியத் தளபதி சுல்லா ஊரை முற்றுகையிட்டு, மதில் உடைக்கும் பொறிகள் செய்ய அந்த மரங்களை வெட்டிவிட்டானாம். 'பாத்தியா, தோப்பே மிஞ்சல!' என்றேன். முறைத்தாள்.

விடுவேனா? 'கழகத்துக் காலை புகின்' குறளை எடுத்துவிட்டேன். (தமிழையாவிடம் அதற்கு நீ வாங்கிய அடி இன்னும் கண்ணில் நிற்கிறது.) வள்ளுவருக்குக் கழகம் என்றால் சூதாடுமிடம்; அங்கே கால் வைத்தால் சொத்தும் பண்பும் போகும் என்கிறார். நாமோ 2002இல் அவர் பெயரிலேயே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கி, வேலூர் பக்கம் சேர்க்காட்டில் வைத்திருக்கிறோம்!

அவள் அசரவில்லை. கம்பனைக் காட்டினாள்: 'கந்தனை அனையவர் கலைதெரி கழகம்'. முருகன் மாதிரிப் பையன்கள் கலை பயிலும் இடமாம், அதுவும் மணம் வீசும் முல்லைக்காட்டில். அவர்களுக்குத் தோப்பு, நமக்குக் காடு. என் வாய் அடைத்துப்போனது.

ஆனால் கோபாலு, விளையாட்டில்லை. நம்ம ராமுவின் மூத்தவன் முனைவர் பட்டம் வாங்கி, இன்னும் கௌரவ விரிவுரையாளர்தான். மே மாதம் சம்பளம் கிடையாது. வயது ஏறிக்கொண்டே போகிறது, பெண் கொடுக்க யோசிக்கிறார்கள். இவளும் கால் வைப்பது வள்ளுவர் சொன்ன கழகமா, கம்பன் சொன்னதா என்று நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை. படிக்காதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவள் ஆய்வகத்தைப் பற்றிப் பேசும்போது முகத்தை நீ பார்க்கணும்.

நீ சொன்னால் கேட்பாள். நீ அவள் பக்கம்தான் பேசுவாய், அதுவும் தெரியும். ஆடிக்கிருத்திகைக்கு வள்ளிமலை போகிறோம், குடும்பத்தோடு வந்து சேர். வழியில் ஆற்காட்டில் மக்கன்பேடா ஒரு கிலோ. போன தடவை மாதிரி பாதியை நீயே தின்றுவிடாதே.

உன்,
சேகர்