எல்லாருக்கும் ஒரு சேப்பாக்கம்

டாண்டினாங், மெல்பர்ன்
ஜனவரி 2025

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள், சித்தி, பாட்டி எல்லோரும் நலம்தானே? முட்டிவலி எப்படி இருக்கிறது என்று கேட்டால், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்று சொல்லிப் பாட்டி போனை உங்களிடம் தள்ளிவிடுகிறார். நீங்கள் வாங்கினதும் முதல் கேள்வி, "என்னடா, வெள்ளைக்காரன் ஓட்டுறானா?" ஓட்டாமல் இருப்பானா? 2017-லிருந்து நம்மிடம் இருந்த பார்டர் - கவாஸ்கர் கோப்பையை 3-1 என்று பிடுங்கிக்கொண்டார்கள். போனில் சொல்லி மாளாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

தண்டனையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோடவுனில், தோற்ற நாட்டுக்காரன் ஜெயித்த நாட்டின் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு ஷிஃப்ட் வேலை பார்க்க வேண்டும். சிட்னி டெஸ்ட் முடிந்த மறுநாள் என் லாக்கரில் ஆஸ்திரேலியாவின் மஞ்சள் ஜெர்சி தொங்கியது. என் மூஞ்சி போகிற போக்கைப் பார்க்க எல்லோரும் சுற்றி நின்றார்கள். மஞ்சள் சட்டையைக் காட்டி மெட்ராஸ்காரனை மிரட்ட முடியுமா சித்தப்பா? எடுத்து மாட்டிக்கொண்டு, ஃபோர்க்லிஃப்டில் ஏறி, இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் போட்டேன். பஞ்சாப்காரப் பையன் ஒருத்தனுக்குத்தான் விஷயம் புரிந்து, விழுந்து விழுந்து சிரித்தான். "உங்க ஹேடனும் ஹஸ்ஸியும் எங்க ஊருக்கு ஆடினப்ப போட்ட கலர்தான் இது" என்று மற்றவர்களுக்கு விளக்கினேன். அடுத்த வருஷத்துக்கு வேறு தண்டனை யோசிக்கிறார்களாம்.

இந்த ஊர்க்காரர்களுக்குக் கிரிக்கெட் வெயில்கால விஷயம். மற்ற மாதமெல்லாம் ஃபுட்டிதான், அதாவது இவர்களுடைய ஃபுட்பால். அதன் ஃபைனலுக்கு முந்தின நாள் மாநிலத்துக்கே லீவு. நவம்பரில் ஒரு குதிரைப் பந்தயத்துக்கு இன்னொரு லீவு. பொங்கலுக்கு லீவு கேட்டால்தான் திருதிருவென்று விழிக்கிறார்கள். ஆனால் டிசம்பர் 26 வந்துவிட்டால் ஊரே எம்சிஜி என்கிற மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்துப் பக்கம் நகர்கிறது. இந்த முறை ஐந்து நாளில் 3,73,691 பேர் வந்தார்கள்; பிராட்மன் ஆடின 1936-37 டெஸ்டின் ரெக்கார்டு உடைந்தது. நானும் கடைசி நாள் புளிசாதம் கட்டிக்கொண்டு ரயிலில் ரிச்மண்ட் போய் இறங்கினேன். அன்றைக்குத்தான் ஜெய்ஸ்வால் விவகாரம். 84-இல் இருக்கும்போது கீப்பர் கேட்ச், ஃபீல்டு அம்பயர் அவுட் இல்லை என்கிறார். ரிவ்யூவில், பேட்டில் பட்ட சத்தத்தைக் காட்டும் ஸ்னிக்கோ மெஷினின் கோடு ஆடாமல் அசையாமல் நேராகப் போகிறது. மூன்றாவது அம்பயரோ, பந்து திசை மாறினது கண்ணுக்குத் தெரிகிறது என்று அவுட் கொடுத்துவிட்டார். (திசை மாறினது எனக்கும் தெரிந்தது. அதை இங்கே ஒருத்தரிடமும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள்.)

இதில்தான் எங்கள் சூப்பர்வைசர் மாட்டினார். அறுபதைத் தொடப்போகிற மனுஷர், இதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு, எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன். "மெட்ராஸ்தானே? டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்த ஊர்!" என்றார். எனக்குப் பகீரென்றது. பிறகு பார்த்தால் அவருக்கு அது கோயில். மெல்பர்ன்காரரான ஜோன்ஸ் 1986 செப்டம்பரில் நம் வெயிலில் 210 அடித்து ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிக்கொண்ட கதையை, பக்கத்தில் நின்று பார்த்தவர் போலச் சொல்கிறார். நடுவில் களைத்துப்போய்ப் போகிறேன் என்று ஜோன்ஸ் சொன்னதும், அப்படியானால் ஒரு குவீன்ஸ்லாந்துக்காரனைக் கூப்பிடுகிறேன் என்று கேப்டன் பார்டர் குத்திக்காட்டின இடத்துக்கு வரும்போது அவர் நெஞ்சு நிமிர்கிறது. பக்கிங்காம் கால்வாய் நாற்றம் இன்னும் அடிக்கிறதா என்றுகூடக் கேட்டார். ஊர் மானத்தைக் காப்பாற்ற, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பொறுத்தது என்று சொல்லி வைத்தேன்.

என் சித்தப்பா காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு அந்த டெஸ்டின் கடைசி நாள், மேட்ச் டை ஆன அன்றைக்கு, ஸ்டாண்டில் இருந்தார் என்று சொன்னேன் பாருங்கள், அன்றிலிருந்து எனக்கு அங்கே தனி மரியாதை. ஆனால் நீங்கள் சொல்லிக்கொடுத்த வழக்கையும் நான் விடவில்லை. நமக்கு 348 டார்கெட், 347-இல் ஸ்கோர் சமம், இன்னும் இரண்டு பந்து பாக்கி, எதிர்முனையில் சாஸ்திரி 48 நாட் அவுட். மாத்யூஸ் போட்ட பந்து மணிந்தர் சிங்கின் காலில் பட்டதும் கையைத் தூக்கிவிட்டார் அம்பயர். பேட்டில் பட்டதாகத்தான் மணிந்தர் சொல்லிவருகிறார். "அன்னிக்கு மெஷின் இல்லாமலே கை தூக்கினாங்க, இன்னிக்கு மெஷின் இல்லேன்னு சொல்லியும் கை தூக்குறாங்க, உங்களுக்கு மட்டும் எப்படி எல்லாம் ஒத்துவருது?" என்று கேட்டேன். அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "86-இல் அம்பயர் யார்? விக்ரம்ராஜு. உங்க நாட்டு ஆள்." அவ்வளவுதான், ஷெட்டே சிரிப்பு. இதற்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் எனக்குச் சொல்லித்தரவே இல்லை.

நியூசிலாந்துக்காரர் ஒருவர் பேக்கிங்கில் இருக்கிறார், பேசவே மாட்டார். அவரை ஆஸ்திரேலியாக்காரர்கள் சீண்டினால், சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு கமலா ஆரஞ்சை எடுத்து, குனிந்து, தரையோடு தரையாக அவர்கள் காலடிக்கு உருட்டிவிடுவார். 1981-இல் இதே எம்சிஜியில் நியூசிலாந்துக்கு ஸ்கோரைச் சமமாக்கக் கடைசிப் பந்தில் ஆறு ரன் வேண்டியிருந்தபோது, அண்ணன் கிரெக் சாப்பல் சொல்லித் தம்பி டிரெவர் பந்தைத் தரையில் உருட்டினாரே, அதற்கு. உருட்டினதும் சீண்டினவர் வாயை மூடிக்கொண்டுதான் ஆக வேண்டும்.

யாழ்ப்பாணத்து அண்ணா ஒருத்தர் இரவு ஷிஃப்டில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கே வந்தவர். முரளிதரன் 2005-இல் சென்னையில் பெண் எடுத்ததை வைத்து நான் "எங்க ஊர் மாப்பிள்ளை" என்று உரிமை கொண்டாடினால், "எண்ணூறு விக்கெட் எடுத்த மாப்பிள்ளைக்கு என்ன சீதனம் குடுத்தனீங்கள்?" என்று மடக்குவார். அந்த முரளியை 1995 டிசம்பர் 26 அன்று எம்சிஜியில் அம்பயர் டேரல் ஹேர், பந்தை முறையாக வீசாமல் எறிகிறார் என்று சொல்லி ஏழு முறை நோ-பால் கொடுத்தார் அல்லவா, அண்ணா அன்றைக்கு அங்கே இருந்தாராம். "பக்கத்தில இருந்த சனம் எல்லாம் 'நோ-பால்' எண்டு கத்தினது தம்பி. நான் தொப்பியைக் கழட்டிப் பைக்குள்ள வச்சிட்டன்" என்றார். இலங்கை அணிக்குக் கை தட்டலாமா கூடாதா என்பதே அவர் வீட்டில் தீராத வழக்கு. முரளிக்கு மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. அந்த நாளைப் பற்றி மட்டும் இங்கே யாரும் கேலி பேசுவதில்லை. சூப்பர்வைசர்கூட.

தாமஸ் ஸ்ட்ரீட்டில் ஆப்கன் நான் ரொட்டிக் கடை இருக்கிறது. கை நீளத்துக்குச் சுடச்சுட எடுத்துத் தருவார்கள். ஊர் சென்னை என்றதுமே கடைக்காரர் ஒரு ரொட்டி சேர்த்து வைத்தார். 2023 உலகக் கோப்பையில் ஆப்கானிஸ்தான் பாகிஸ்தானை எட்டு விக்கெட்டில் ஜெயித்தது சேப்பாக்கத்தில்தானே! நம் ஜனம் அவர்களுக்குப் போட்ட சத்தத்தை டிவியில் பார்த்தவர், அதில் நானும் இருந்ததாகவே முடிவுகட்டிவிட்டார். மறுத்தால் ரொட்டி போய்விடும்.

அந்தக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனதே ஒரு பாகிஸ்தான்காரர் என்பதுதான் வேடிக்கை. லாகூர்க்காரர், எங்களுக்கு லோடு ஏற்ற வரும் டிரக் டிரைவர். என் இந்தியை இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு அவராகவே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டார். அவர் 2017 சாம்பியன்ஸ் டிராஃபி ஃபைனல், 180 ரன்னில் ஜெயித்தோம் என்பார். நான் ஐம்பது ஓவர் உலகக் கோப்பையில் நாங்கள்தான் 8-0 என்பேன். அவர் 2021 துபாய், டி20 உலகக் கோப்பை, பத்து விக்கெட்டில் ஜெயித்தோம் என்பார். அப்போது நான் 2022 எம்சிஜியை எடுப்பேன். கோலியின் 82 அல்ல, அதை எவனும் சொல்வான். கடைசிப் பந்துக்கு இரண்டு ரன் வேண்டும், தினேஷ் கார்த்திக் அப்போதுதான் ஸ்டம்ப்டு. உள்ளே வந்த அஸ்வின், நவாஸ் லெக் சைடில் போட்ட பந்தை ஒதுங்கி நின்று விட்டுக்கொடுத்தார். வைடு. அடுத்ததை மிட்-ஆஃப் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். "பதற்றத்தில் எல்லாரும் பேட்டை வீசுவான், மேற்கு மாம்பலத்துக்காரன் கணக்குப் போடுவான்" என்பேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு டிரக்கில் ஏறிவிடுவார். போன மாதம் பிரிஸ்பேனில் அஸ்வின் ரிட்டையர் ஆனபோது முதலில் போன் செய்ததும் அவர்தான், துக்கம் விசாரிப்பது மாதிரி.

இப்போது நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். சேப்பாக்கத்தில் இந்தியா - பாகிஸ்தான் டெஸ்ட் முடிந்த 1999 ஜனவரி 31-ஐ வைத்து இங்கே பெரிய சண்டை. சச்சின் 136-இல் போனார், 17 ரன் பாக்கி, மூன்று விக்கெட் கையில், நாலு ரன்னில் எல்லாம் காலி. வாசிம் அக்ரம் அணி 12 ரன்னில் ஜெயித்து மைதானத்தைச் சுற்றி வந்தபோது சேப்பாக்கம் எழுந்து நின்று கை தட்டினதை லாகூர்க்காரர் சத்தியம் பண்ணிச் சொல்கிறார். அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன். அப்பா டிவி முன்னால் அழுதாராம். பஞ்சாப்பையன் நம்பவில்லை. பத்துப் பேர் தட்டியிருப்பார்கள், கேமரா பெரிசாக்கியிருக்கும் என்கிறான். என் சித்தப்பா அங்கே இருந்தார் என்றேன். இரண்டு பேரும், அவர் வாயால் சொல்லட்டும், தீர்ப்பை ஒப்புக்கொள்கிறோம் என்றுவிட்டார்கள்.

எனக்கு அப்போது ஆறு வயசு. நீங்கள் ராத்திரி தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படுத்தது ஞாபகம் இருக்கிறது. ஸ்ரீநாத்தின் ஸ்டம்ப் விழுந்ததும் கொஞ்ச நேரம் மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, யாரோ ஒரு பெரியவர் முதலில் எழுந்தார் என்று பின்னாளில் சொல்லியிருக்கிறீர்கள். அதை வாட்ஸ்அப்பில் அப்படியே பேசி அனுப்புங்கள், ஆங்கிலத்தில் நான் சொல்லிக்கொள்கிறேன். கங்குலிக்குக் கொடுத்த அவுட்டுக்கு நீங்கள் அம்பயரைத் திட்டின பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள், லாகூர்க்காரர் அதையே பிடித்துக்கொண்டு தொங்குவார்.

சித்தியிடம் மாவடு அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்த ஊர் ஏர்போர்ட்டில் உணவுப் பொருள் என்றால் துருவித் துருவிக் கேட்கிறார்கள், குப்பைத் தொட்டிக்குப் போனால் மனசு தாங்காது. நவம்பரில் இங்கிலாந்தோடு ஆஷஸ் தொடர் ஆரம்பிக்கிறது. ஆபீஸில் ஒரு இங்கிலாந்துக்காரர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார், பாவம், இன்னும் ஒன்றும் தெரியாமல் எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்