எந்தப் பக்கமிருந்து வந்த தண்ணீர்?

ஹூஸ்டன்,
ஏப்ரல் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். போனில் அம்மா, "வீட்டுக்குள்ள தண்ணியாமே, வெள்ளமாடி?" என்று பதறிப் போனாள். வெள்ளம் இல்லை அப்பா. ஆனால் அந்த ஒரு சொல்லுக்கு இந்த ஊரில் எவ்வளவு பெறுமானம் என்பது இந்த மாதம்தான் எனக்குப் புரிந்தது. போனில் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன்.

இங்கே பல வீடுகளில் வெந்நீர்த் தொட்டியைக் கூரைக்கு அடியில், பரணில் வைத்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். நடு ராத்திரி அது அடியில் விட்டுப்போய், குழந்தை அறையின் மேல்கூரை வயிறு உப்பினாற்போலத் தொங்கியது. நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வர, பின்னால் பொத்தென்று விழுந்தது. இங்கே கூரையும் சுவரும் ஜிப்சம் பலகைதான். நனைந்தால் கையால் பிசையலாம்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து அட்ஜஸ்டர் வந்தார். நம் ஊரில் சர்வேயர் என்போமே, அவர். நஷ்டம் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. "எப்போதிலிருந்து?" என்றுதான் கேட்டார். விழாமல் நின்ற கூரையில் டார்ச் அடித்துப் பழுப்பு வளையம் தேடினார். வளையத்துக்குள் வளையமாகக் கறை இருந்தால் பல நாள் கசிவு, நாம் கவனிக்காமல் விட்டது என்று தள்ளிவிடுவார்களாம். எங்களுடையது திடீரென்று உடைந்தது என்று எழுதினார். கூரைக்கும் தரைக்கும் பணம் வந்தது. தொட்டிக்கு வரவில்லை, அது பழசாகித் தேய்ந்த பொருளாம். அதோடு, நஷ்டத்தில் முதல் பங்கை, வீட்டுக்கு எழுதிய காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம் வரை, நாங்களே ஏற்க வேண்டும்.

போகும்போது, "வெள்ளத்துக்குப் பாலிசி இருக்கிறதா?" என்று கேட்டார். அதுவும் இதிலேயே இருக்கிறது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். இல்லையாம் அப்பா. குழாய் உடைந்தால் வீட்டுப் பாலிசி தரும். அதே அளவு தண்ணீர் தெருவிலிருந்து வாசல்படி ஏறி வந்தால் ஒரு காசு தராது. சாக்கடை எதிர்த்து வந்தால் அதற்கும் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும்.

இரண்டு தெரு தள்ளி ஓர் ஆண்ட்டி இருக்கிறார். ரிட்டயர்டு டீச்சர். தன் வீட்டு கராஜ் சுவரில் பென்சில் கோடு ஒன்றைக் காட்டினார், என் இடுப்புயரம். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது நின்ற தண்ணீர். ஊரைக் காப்பாற்றத்தான் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு ஏரிகளை 1940களில் கட்டினார்கள். மற்ற நாளில் உள்ளே மரமும் மைதானமுமாக வறண்டே கிடக்கும். அன்று நிரம்பி, ஆகஸ்ட் 28 அதிகாலையில் மதகைத் திறந்துவிட்டார்கள். அவர் சொல்லச் சொல்ல எனக்குச் செம்பரம்பாக்கமும் 2015 டிசம்பரில் மொட்டை மாடியில் நின்ற நீங்களும்தான் கண்ணுக்குள் வந்தீர்கள். அவர் வீடு அபாயப் பகுதி வரைபடத்தில் இல்லாததால் வெள்ளப் பாலிசி எடு என்று பேங்க் கேட்கவே இல்லை. மொத்தச் சேமிப்பும் சுவருக்கே போனது.

அதனால் நாங்கள் இப்போது எடுத்துவிட்டோம். 1968இல் அமெரிக்க மத்திய அரசே தொடங்கிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் இது. வீட்டுக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், சாமான்களுக்கு 1,00,000. கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் உயிர் வரும். புயல் கிளம்பிய பிறகு ஓடிப்போய் எடுக்க முடியாது. ஜூன் முதல் தேதி புயல் சீசன் தொடங்குகிறது, அதற்குள் வந்துவிடும். வீடு சரியாகும் வரை வெளியே தங்கும் வாடகையை மட்டும் இது தராது.

இப்போது உங்கள் விஷயம். முடிச்சூர் வீட்டுக்கு இன்னும் ஒன்றும் எடுக்கவில்லையே? 2021 ஏப்ரலிலிருந்து நம் ஊரில் பாரத் கிருஹ ரக்ஷா என்று எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரிப் பாலிசி இருக்கிறது. வெள்ளம் அதற்குள்ளேயே அடக்கம். தொட்டி வழிவதும் குழாய் வெடிப்பதும்கூட. இங்கே மாதிரி இரண்டாகப் பிரிக்கவில்லை. தொகை எழுதும்போது மனை விலையைச் சேர்க்காதீர்கள், திரும்பக் கட்ட ஆகும் செலவு மட்டும் போதும். ஐப்பசி வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து.

இன்னொன்று. 2015இல் அம்மாவின் தையல் மிஷின், பீரோ, மெத்தை எல்லாவற்றையும் சேற்றோடு தெருவில் போட்டோமே, ஒரு போட்டோகூட இல்லை. இந்த ஞாயிறு தம்பியை வரச் சொல்லி ஒவ்வொரு அறையையும், பீரோவைத் திறந்துவைத்தே, போனில் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பாலிசி நம்பர் வந்ததும் அதையும். இரண்டையும் இங்கே பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்