43 வயல், ஒரே வாய்க்கால்

மன்னார்குடி,
ஞாயிறு

அன்புள்ள வைத்தி,

பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டுவாய். திட்டி முடித்ததும் மேலே படி. எல்லோரும் நலம். நாற்று நட்டாயிற்று. தெற்கு வீதி ஹார்மோனியக்காரர் இன்னும் உன் குடையைப் பற்றிக் கேட்கிறார்.

"என்னிடம் முப்பது கம்பெனிகளின் பங்கு இருக்கிறது, உன்னிடம் எத்தனை?" என்று திண்ணையில் உட்கார்ந்து கேட்டாயே, அது முள்ளாகத் தைத்துவிட்டது. அன்றிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கினேன். போன வாரம் மருமகள் என் பங்குகளெல்லாம் பதிவாகியிருக்கும் டிமேட் கணக்கை அச்சடித்துத் தந்தாள். 43! சில கம்பெனிகள் என்ன தயாரிக்கின்றன என்று அவளிடமே கேட்க வேண்டியிருந்தது. ஒன்றிலிருந்து லாபப் பங்காக வந்த டிவிடெண்ட் 18 ரூபாய்.

அவள் சிவப்புப் பென்சிலை எடுத்தாள். வங்கி, நிதி நிறுவனம், வீட்டுக்கடன் கம்பெனி என்று சுழித்துக்கொண்டே போனாள். பணக் கணக்கில் பாதிக்கு மேல் அதற்குள் அடங்கிவிட்டது. "மாமா, இது 43 இல்லை, நாலைந்துதான்" என்றாள்.

இந்த மண்ணில் பிறந்தவனுக்கு ஒரு பட்டணத்துப் பெண் பாடம் எடுக்கிறாள், பார். பத்து இடத்தில் நிலம் இருந்தென்ன, எல்லாம் ஒரே ஆற்றை நம்பியிருந்தால்? 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம், வழக்கமாகத் தண்ணீர் விடும் ஜூன் 12 அன்று மேட்டூர் அணையைத் திறக்கவில்லை. ஒரு மா நிலம் வைத்திருந்த ஏழையும் ஒரு வேலி வைத்திருந்த பணக்காரனும் ஒன்றாகத்தான் வானத்தைப் பார்த்தார்கள். ஆற்றை நம்பாத பம்புசெட்டுக்காரன் மட்டும் குறுவை நெல் அறுத்தான். வாராக்கடன் பெருகும் வருஷத்தில் என் வங்கிகளும் அப்படித்தான் சேர்ந்து காயும். கஜா புயல் அடித்த மறுநாள் பட்டுக்கோட்டையில் சித்தப்பா தோப்பு மொத்தமும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தோமே, அதன் பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை.

ஒன்றிரண்டு போதும் என்று சொல்ல வரவில்லை. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கம்பெனி ஞாபகம் இருக்கிறதா? 2009 ஜனவரி 7 அன்று கணக்கு பொய் என்று தலைவரே கடிதம் எழுதினார். அன்று மாலைக்குள் விலையில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. பலர் பணத்தைத் திரட்டி முதலீடு செய்யும் பரஸ்பர நிதித் திட்டங்களே பொதுவாகத் தம் பணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஒரு கம்பெனிப் பங்கில் போடக் கூடாது என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி கட்டிவைத்திருக்கிறது. நானும் அதையே பிடித்துக்கொண்டேன். பதினைந்து கம்பெனி, எதுவும் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது, வங்கிகள் மொத்தமும் கால்வாசிக்குள். ஒரே மூச்சில் விற்கப் போவதில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த பங்கின் லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, மேலே போனால் 12.5 சதவீதம். அதனால் மார்ச் 31-க்குள் பாதி, அதன் பின் பாதி விற்பேன்.

பதினைந்தும் காப்பாற்றாத நாள் உண்டு. 2020 மார்ச் 23 அன்று சந்தையின் குறியீடான நிஃப்டி 13 சதவீதம் விழுந்தபோது மருந்தென்ன, சிமென்ட் என்ன, எல்லாம் மூழ்கின. அதற்குத்தான் தபால் ஆபீஸ் டெபாசிட். அதில் கை வைக்க மாட்டேன். நீ எவ்வளவு கேலி செய்தாலும்.

இன்னொன்று. சர்க்கரை ஏறியிருக்கிறது, டாக்டர் முகம் சரியில்லை. மருமகள் அச்சடித்த அந்தத் தாளில், எனக்குப் பின் பங்குகள் யார் கைக்குப் போக வேண்டும் என்று நாமினி பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. நான் போய்விட்டால் மங்களம் 43 பெயரை வைத்துக்கொண்டு எந்த வாசலில் நிற்பாள்? அன்றைக்கே அவள் பெயரைச் சேர்த்துவிட்டேன். உன்னுடையதைப் பார்த்தாயா?

உன் முப்பதையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்த வாய்க்கால் என்று குறி. மச்சான் சொல்லி வாங்கியவற்றுக்குத் தனி அடையாளம் போடு. மருமகள் பென்சிலைச் சீவி வைத்திருக்கிறாள்.

உன்,
ராமு